மலை உச்சியில் ஏன் மரமில்லை? குமரி மாவட்டத்துப் புல்வெளிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தாடகை மலைப் பக்கம் பள்ளிப் பிள்ளைகளையும் நண்பர்களையும் கூட்டிக்கொண்டு நடப்பது எனக்குப் பல வருடப் பழக்கம். அடிவாரத்தில் டீ குடிக்கும்போது ஆரம்பிக்கும் கேள்விகள், இறங்கி வந்து பஸ் ஏறும்வரை ஓயாது. ஆள் மாறும், கேள்வி மாறாது. ஒவ்வொரு முறையும் வாய் வலிக்கச் சொல்வதற்கு எழுதி வைத்துவிடலாமே என்று தோன்றியது. கேட்டவர்கள் கேட்ட வாக்கிலேயே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். எளிதானவை முதலில், போகப் போகச் சிக்கு விழும்.

புல்லு முளைச்ச இடம் எல்லாம் புல்வெளிதானா சார்? எங்க வீட்டு முற்றத்துலயும்தான் முளைக்குது.

முற்றத்தில் முளைப்பது நீங்கள் இரண்டு மாதம் ஊரில் இல்லாததால். வந்ததும் மண்வெட்டி எடுத்தால் அரை நாள் வேலை. எடுக்காமலே விட்டால் சில வருடத்தில் அங்கே வேம்போ பூவரசோ தலை காட்டும், புல் தானாக ஒதுங்கிவிடும். நான் புல்வெளி என்று சொல்வது, தலைமுறை தலைமுறையாகப் புல் மட்டுமே ஆளுகிற நிலத்தை. நடுவில் மரம் ஒன்றிரண்டு நிற்கலாம், ஆனால் கூடி நிழல் கட்டாது.

அப்படிப் புல் நிலைக்க வேண்டுமானால் மரத்தை ஏதாவது ஒன்று தடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். மழைக் குறைவு, காற்று, பாறை, தீ, ஆட்டின் வாய், மனிதனின் அரிவாள், எதுவாகவும் இருக்கலாம். ஒரு புல்வெளியைப் பார்த்தால் நான் முதலில் கேட்டுக்கொள்வது இதைத்தான்: இங்கே மரத்தைத் தடுப்பது எது, எவ்வளவு காலமாக?

நம்ம மாவட்டத்துல புல்வெளி எங்க இருக்கு? கண்ணுக்கு ரப்பரும் வாழையும் தென்னையும்தானே தெரியுது?

திருவட்டாறு, குலசேகரம் பக்கம் நின்று பார்த்தால் அப்படித்தான் தெரியும். கொஞ்சம் கிழக்கேயும் மேலேயும் பாருங்கள். மேல் கோதையாறுக்கு அப்பால், மாவட்ட எல்லையை ஒட்டி முத்துக்குழிவயல் இருக்கிறது. 1,654 மீட்டர் உயரமுள்ள மகேந்திரகிரியின் தோள்களிலும் புல் உண்டு. இவை உயர்மலைப் புல்வெளிகள். பள்ளங்களில் குட்டையாக அடர்ந்து நிற்கும் சோலைக்காடும் முகடுகளில் புல்லுமாக மாறி மாறி வரும்.

அடுத்தது சரிவுப் புல். தாடகை மலை, வேளிமலை, மருந்துவாழ் மலை போன்ற இடங்களில் பாறைச் சரிவுகளில் ஆள் மறையும் உயரத்துக்கு நிற்கும். கசக்கி முகர்ந்தால் எலுமிச்சை வாசம் அடிப்பதும், சுக்கு வாசம் அடிக்கும் சுக்குநாறிப்புல்லும் இங்கேதான். மூன்றாவது, ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கத்துக் காய்ந்த சமவெளி. குடை விரித்த மாதிரி நிற்கும் உடைமரங்களுக்கு நடுவே குட்டைப்புல். காற்றாலைகளுக்கு அடியில் ஆடு மேய்வதைப் பஸ்ஸிலிருந்தே பார்த்திருப்பீர்கள். இதைப் புல்வெளிக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை என்பது என் நீண்ட நாள் மனக்குறை.

மழை இவ்வளவு பெய்யுற மாவட்டம். அப்புறம் ஏன் மலை உச்சி மொட்டையா கிடக்கு?

மாவட்டம் முழுக்க ஒரே மாதிரி பெய்வதில்லை. ஆனியில் குலசேகரத்தில் குடை பிடித்து நடக்கிற அதே நாளில் ஆரல்வாய்மொழியில் புழுதி பறக்கும். தென்மேற்குப் பருவமழையின் பெரும்பகுதியை மேற்குச் சரிவுகளே வாங்கிக்கொள்கின்றன. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகக் கிழக்கே வந்து சேர்வது காற்றுதான். அங்கே மரங்கள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து நிற்பதைக் கவனியுங்கள்.

உச்சியில் சிக்கல் வேறு. அங்கே மழை தாராளம், மண்தான் கஞ்சத்தனம். பல இடங்களில் கையளவு மண்ணுக்குக் கீழே பாறை வந்துவிடும். பெய்த தண்ணீர் நிற்காமல் வழிந்தோடும், மாசி பங்குனியில் அந்த மெல்லிய மண் அப்பளமாகக் காயும். ஆழமாக வேர் விட வேண்டிய மரத்துக்கு அது தாங்காது. வேரைப் பக்கவாட்டில் விரித்து, காய்ந்தால் தூங்கி, ஒரு மழைக்கு எழுந்துகொள்கிற புல்லுக்குத் தாங்கும். இதோடு காற்றும் சேர்கிறது, எப்போதாவது தீயும். பள்ளங்களில் மண் சேரும், ஈரம் நிற்கும், காற்று மேலே போய்விடும். அதனால்தான் சோலை அங்கே.

ஊட்டில உறைபனிதான் காரணம்னு படிச்சேன். இங்க பனியே விழாதே?

சரியாகப் படித்திருக்கிறீர்கள். நீலகிரியின் மேட்டுநிலத்தில் மார்கழி, தை இரவுகளில் புல்வெளி மேல் உறைபனி படியும். சோலை மரங்களின் இளங்கன்றுகள் அதில் கருகிவிடும். மரங்கள் புல்வெளிக்குள் இறங்காததற்கு இதுவே காரணம் என்று வனத்துறை அதிகாரி ரங்கநாதன் 1938இல் எழுதினார். அதே ஆண்டில் போர் என்கிற தாவரவியலாளர், இல்லை, தீயும் மேய்ச்சலும்தான் காரணம் என்றார். அந்தச் சண்டை பல பத்தாண்டுகள் ஓடியது.

மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியான நம் அசம்பு மலைகள் அவ்வளவு உயரம் இல்லை, அதனால் உறைபனியைப் பெரிய காரணமாகச் சொல்ல முடியாது. மேலே சொன்ன மண், பாறை, காற்று, தீ இவைதான் இங்கே. ஒரு மலையின் காரணத்தை அப்படியே இன்னொரு மலைக்கு எடுத்துப் போடக்கூடாது என்பதற்காகத்தான் இந்தக் கேள்வியைத் தனியாக வைத்தேன்.

முன்னாடி அங்க காடு இருந்திருக்கும். வெள்ளைக்காரன் வெட்டிட்டுப் போயிட்டான், அப்படித்தானே?

அதிகம் கேட்கப்படுகிற கேள்வி இது. பாதி சரி. 19ஆம் நூற்றாண்டில் அசம்பு மலைகளில் காப்பித் தோட்டத்துக்காகக் காடு வெட்டியது உண்மை. அதற்குப் பிறகு தேயிலை, ரப்பர், கிராம்பு என்று தோட்டங்கள் வந்ததும் உண்மை. வெட்டின பிறகு கைவிட்ட சில இடங்கள் புல்லாகிப் போயிருக்கும்.

ஆனால் எல்லாப் புல்வெளியும் வெட்டிய காட்டின் மிச்சம் என்பது தவறு. நீலகிரியின் சதுப்பு மண்ணைத் தோண்டி எடுத்து ஆராய்ந்த ஆர். சுகுமாரும் கூட்டாளிகளும் 1993இல் 'நேச்சர்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சுமார் 20,000 ஆண்டுக் கதை அந்த மண்ணில் இருந்தது. பூமி குளிர்ந்து பனிப்பாறைகள் பெருகியிருந்த பனியூழியின் உச்சத்தில் அங்கே புல் ஓங்கியிருந்தது. பிறகு பருவமழை வலுத்தபோது மரமும் ஈரநிலத் தாவரங்களும் ஏறின, வறண்டபோது புல் மறுபடி பரவியது. வெள்ளைக்காரன் கப்பல் ஏறுவதற்கு முன்பே, ஏன், யாரும் வயல் உழுவதற்கு முன்பே அங்கே புல் இருந்திருக்கிறது.

இருபதாயிரம் வருஷத்துக்கு முன்னாடி நின்னது புல்லா மரமான்னு மண்ணைப் பார்த்து எப்படிச் சொல்ல முடியும்?

செடிகள் காற்றிலிருந்து கார்பனை எடுக்க இரண்டு முக்கிய வழிகள் வைத்திருக்கின்றன. மரங்கள், நெல், பெரும்பாலான செடிகொடிகள் ஒரு வழி. அதை சி-3 என்பார்கள். வெயில் நிலத்துப் புற்கள் பலவும் சோளம், கரும்பு, கேழ்வரகும் இன்னொரு வழி; அது சி-4. வெக்கையிலும் தண்ணீர் குறைவிலும் இரண்டாவது வழி சிக்கனமானது. கார்பனில் எடை கொஞ்சம் கூடிய ஒரு வகை உண்டு, கார்பன்-13. சி-3 செடிகள் அதைப் பெரும்பாலும் ஒதுக்கும், சி-4 புற்கள் அவ்வளவாக ஒதுக்காது. செடி மக்கினாலும் இந்தக் கணக்கு மண்ணில் தங்கிவிடும். சதுப்பில் காற்று புகாததால் ஆண்டுக்கு ஆண்டு அடுக்கடுக்காகத் தங்கும். அடுக்கை எடுத்து அளந்தால் அந்தக் காலத்தில் எந்த வகை ஓங்கி நின்றது என்று தெரியும்.

யானையின் எலும்பில்கூட இதே கணக்கு உண்டு. அது வாழ்நாளில் புல்லை அதிகம் தின்றதா, இலை தழையை அதிகம் தின்றதா என்று எலும்பே சொல்லிவிடும். பிள்ளைகளிடம் இதைச் சொன்னால், "அப்போ எங்க எலும்புல புரோட்டா இருக்குமா சார்?" என்கிறார்கள். கோதுமை சி-3. நெல்லிலிருந்து அதைப் பிரித்துச் சொல்வது சிரமம் என்று சமாளித்துவிடுவேன்.

பருவநிலை ஏன் தானா மாறணும்? அப்போ ஃபேக்டரி, கார் எதுவும் கிடையாதே?

பூமி தன் அச்சில் பம்பரம் போலத் தலையாட்டிக்கொண்டே சுற்றுகிறது. அந்தத் தலையாட்டலால், வடபாதிக் கோளத்துக் கோடையில் எவ்வளவு வெயில் விழுகிறது என்பது ஏறத்தாழ 23,000 ஆண்டுச் சுற்றில் கூடிக் குறையும். சுமார் 11,000 முதல் 5,000 ஆண்டுகளுக்கு முன்வரை அது கூடியிருந்தது. நிலம் அதிகம் சூடாகி, பருவக்காற்றை வலுவாக இழுத்தது. சகாரா பாலைவனமே அப்போது ஏரியும் புல்வெளியுமாக இருந்தது.

இன்னொன்று கார்பன் டை ஆக்சைடு. பனியூழியின் உச்சத்தில் அது காற்றில் பத்து லட்சத்துக்கு 190 பங்குக்கும் கீழே கிடந்தது. தொழிற்சாலைகளுக்கு முன் 280, இன்று 420ஐத் தாண்டிவிட்டது. அது குறைவாக இருக்கும்போது சி-4 புல்லுக்குத்தான் ஆதாயம், ஏனென்றால் குறைந்த சரக்கிலும் கடை நடத்தத் தெரிந்த வகை அது. ஆகவே பழைய புல்வெளிகளுக்கு வறட்சி மட்டுமே காரணமில்லை. இன்னும் பின்னால் போனால் 80 லட்சம் முதல் 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன், மனிதன் என்று ஒருவன் வருவதற்கு வெகு முன்னாலேயே, சி-4 புற்கள் உலகின் பல பகுதிகளில் பரவிவிட்டன. இமயமலை அடிவாரத்துச் சிவாலிக் மண்ணிலும் அங்கே கிடைத்த விலங்குப் பற்களிலும் அந்தத் தடயம் இருக்கிறது.

பனியூழில கடல் கீழ போச்சுன்னு சொன்னீங்களே, அப்போ குமரிக்கண்டம் உண்மைதானா?

அதை நான் சொல்லவில்லை, ஆனால் போனது உண்மை. இப்போதையதைவிட சுமார் 120 மீட்டர் கீழே. கன்னியாகுமரிக்குத் தெற்கே நம் மீனவர்கள் நன்றாக அறிந்த ஆழம் குறைந்த கடல்மேடு, 'வெட்ஜ் பேங்க்', அதில் நல்ல பகுதி அப்போது நிலமாக இருந்திருக்கும். இலங்கைக்கு நடந்தே போயிருக்கலாம். ஆனால் அது கரையோரத்து விரிவுதான், கண்டம் இல்லை. அதற்கு அப்பால் கடல் சட்டென்று ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழத்துக்கு இறங்கிவிடுகிறது. இதைச் சொன்னால் சிலர் என்னோடு பேசுவதை நிறுத்திவிடுகிறார்கள், பரவாயில்லை.

கோடையில ராத்திரி மலைல தீ மாலை மாதிரி தெரியுதே. தீ வச்சா புல்லு செத்துப் போயிடாதா?

மரத்தின் வளரும் முனை மேலே, கிளை நுனியில் இருக்கும். புல்லின் வளரும் முனை தரையோடு ஒட்டி, தூரின் அடியில் ஒளிந்திருக்கும். தீ மேலே இருக்கிற காய்ந்த தாளை எரித்துவிட்டு ஓடிவிடும். அடியில் விரல்கடை ஆழத்தில் மண் அவ்வளவாகச் சுடாது. பத்து நாள் கழித்து ஒரு கோடை மழை விழுந்தால் கரியின் நடுவிலிருந்து பச்சை எட்டிப் பார்க்கும். அதே தீயில் இரண்டு அடி மரக்கன்று காலி. தப்பினாலும் அடியிலிருந்துதான் மறுபடி துளிர்க்க வேண்டும்.

ஊசிப்புல் இன்னும் கெட்டிக்காரத்தனம். அதன் விதையில் நீளமாக, முறுக்கிய கம்பி மாதிரி ஒரு வால் இருக்கும். ஒரு விதையை எடுத்து உள்ளங்கையில் வைத்து இரண்டு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். வால் மெல்ல மெல்லச் சுழல ஆரம்பிக்கும், காய்ந்தால் எதிர்ப்பக்கம் சுழலும். இப்படி ஈரத்திலும் வெயிலிலும் மாறி மாறித் திருகித் திருகி, கூர் முனையை மண்ணுக்குள் இறக்கிவிடும். தீ வரும்போது விதை பத்திரமாகக் கீழே இருக்கும். பிள்ளைகள் இதைப் பார்த்துவிட்டால் பிறகு மலை ஏற மறந்துபோவார்கள்.

அப்போ தீ நல்லதா, கெட்டதா? ஒண்ணு சொல்லுங்க.

எந்த இடம், எந்த மாதம், எத்தனை வருடத்துக்கு ஒருமுறை என்று கேட்காமல் சொல்ல முடியாது. மின்னலால் தீப்பிடிப்பது உண்டு, ஆனால் நம் பக்கம் கோடைத் தீயில் பெரும்பாலானது மனிதக் கை. இளம்புல் முளைக்கட்டும் என்று வைப்பவர் உண்டு, பீடியை வீசிவிட்டுப் போகிறவரும் உண்டு. ஈரம் மிச்சமிருக்கிற தை மாதத்தில் ஓடும் தீ லேசானது. பங்குனி முடிவில், பலத்த காற்றில் வரும் தீ சோலை ஓரத்தையும் தின்றுவிடும். வருடந்தோறும் எரித்தால் புல் வகைகளே குறைந்து, முரட்டுப் புல் மட்டும் மிஞ்சும்.

சரி, எரிக்கவே விடாமல் முழுக்கத் தடுத்தால்? நல்ல மழையுள்ள சரிவில் உண்ணிச்செடி நுழையும், பிறகு புதர், பிறகு மரம். அது உங்களுக்கு வேண்டுமென்றால் தடுங்கள். ஆனால் வரையாடு மேயும் இடமாக இருந்தால் யோசிக்க வேண்டும். ஒன்று மட்டும் கண்டிப்பாக: காட்டில் தீ வைப்பது சட்டப்படி குற்றம். இதைப் படித்துவிட்டு யாரும் தீப்பெட்டியோடு கிளம்ப வேண்டாம்.

ஆடு மாடு மேய்ஞ்சா புல்வெளி அழிஞ்சிடும்னு சொல்றாங்களே?

அளவுக்கு மிஞ்சினால் அழியும். வேர் தெரியும் அளவுக்கு மேய்ந்த நிலத்தில் முதலில் நல்ல புல் போகும், அப்புறம் மாடு தொடாத கசப்புச் செடி நிற்கும், கடைசியில் மண்ணே போகும். ஆனால் புல்லும் மேயும் விலங்கும் ஒன்றோடொன்று சேர்ந்தே வளர்ந்தவை. கிழக்கு ஆப்பிரிக்காவின் செரங்கெட்டியில் நடந்ததைப் பாருங்கள். 1890களில் மாட்டு வெக்கை நோய் பரவி மாடுகளும் காட்டு விலங்குகளும் கூட்டம் கூட்டமாகச் செத்தன. மாடுகளுக்குத் தடுப்பூசி வந்தபின் 1960களிலிருந்து வில்டபீஸ்ட் என்கிற மான் இனம் சுமார் 3 லட்சத்திலிருந்து 12 லட்சத்துக்கு மேல் பெருகியது. அவை புல்லைத் தின்றதால் தீக்கு விறகு இல்லாமல் போனது. தீ குறைந்ததும் மரம் கூடியது. மேய்ச்சல் கூடினால் மரம் கூடும் என்று யாராவது நினைப்பார்களா?

நம் ஊரில் கும்பப்பூ அறுவடை முடிந்ததும் கணவாய் தாண்டி வருகிற கிடை ஆடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். கோனார் வயலில் இரண்டு இரவு பட்டி போடுவார், புழுக்கை வயலுக்கு, மூன்றாம் நாள் அடுத்த வயல். ஆடு ஒரே இடத்தில் நிற்பதில்லை என்பதுதான் அதில் சூட்சுமம். நிலம் கெடுவது பெரும்பாலும் ஆட்டின் எண்ணிக்கையால் மட்டுமல்ல, அது நகர முடியாமல் போவதால்.

மனுஷன் எப்போ இருந்து புல்வெளில கை வைக்க ஆரம்பிச்சான்?

தென்னிந்தியாவில் மாடு மேய்த்தவர்களின் பழைய தடயம் கர்நாடகத்தின் பெல்லாரி வட்டாரத்துச் சாம்பல் மேடுகள். சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முன் தொடங்கி, பட்டி போட்ட இடத்தில் குவிந்த சாணத்தை எரித்து எரித்து எழுந்த மேடுகள் அவை. அவ்வளவு சாணம் என்றால் எவ்வளவு மாடு, அவ்வளவு மாட்டுக்கு எவ்வளவு புல்! நம் பழைய திணை மரபிலும் முல்லைக்கு ஆயர், குறிஞ்சிக்குப் புனம் எரித்துத் தினை விதைத்தவர்கள். மழை பொய்த்தால் அந்த இரண்டு நிலமுமே பாலையாகத் திரியும் என்றும் சொல்லி வைத்தார்கள். நிலத்தின் வகை நிரந்தரமில்லை என்பதைக் கண்டு சொன்னவர்கள்.

எங்க பாட்டா காலத்துல ஊருக்குப் பொதுவா மேய்ச்சல் நிலம் இருந்துச்சாம். அதெல்லாம் எங்க போச்சு?

பத்திரத்தில் தேடினால் 'மேய்க்கால் புறம்போக்கு' என்று இருக்கும். பல ஊர்களில் பேர் மட்டும்தான் மிச்சம். கொஞ்சம் பட்டாவானது, கொஞ்சத்தில் கட்டடம் வந்தது, கொஞ்சத்தில் பிளாட் கல் நட்டார்கள். மேற்கே மரச்சீனியும் (மரவள்ளி) பிறகு ரப்பரும் மேட்டு நிலங்களை எடுத்துக்கொண்டன. கிழக்கே சீமைக்கருவேலம் ஏறிய இடங்கள் உண்டு.

இதற்கெல்லாம் அடியில் ஒரு சொல் இருக்கிறது: தரிசு. வரி வராத நிலம் வீண் நிலம் என்று அந்தக் காலத்து வருவாய்க் கணக்கு எழுதியது. ஆடு மேய்ந்ததும், கூரைக்குப் புல் அறுத்ததும் கணக்கில் வரவில்லை. வீண் என்று எழுதியபின் அதை எதற்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம் அல்லவா? புல்வெளிக்கு நேர்ந்த பெரிய கேடு கோடாரியைவிட இந்த எழுத்துதான் என்பேன்.

மரம் நடுறது நல்ல காரியம்தானே? எங்க சங்கத்துல ஆயிரம் கன்னு வச்சிருக்கோம், மலை உச்சில நடலாமா?

ஊர்ச் சாலையோரம், பள்ளிக்கூடம், குளத்தங்கரை, நடுங்கள், நானும் வருகிறேன். பழைய புல்வெளியில் வேண்டாம். பழனி மலைகளில் 1973க்கும் 2014க்கும் இடையே மூன்றில் இரண்டு பங்கு உயர்மலைப் புல்வெளி போய்விட்டதாகச் செயற்கைக்கோள் படங்களை வைத்து அரசுமணியும் மற்றவர்களும் 2018இல் காட்டினார்கள். காரணம் பெரும்பாலும் வாட்டில், யூகலிப்டஸ், பைன் என்று வெளியிலிருந்து கொண்டுவந்து நட்ட மரங்களும் விவசாயமும். குஜராத்தின் பன்னிப் புல்வெளியில் 1960களில் உப்பு பரவுவதைத் தடுக்க என்று சீமைக்கருவேலம் விதைத்தார்கள். அது மேய்ச்சல் நிலத்தின் பெரும்பகுதியை விழுங்கிவிட்டது. இரண்டுமே நல்ல எண்ணத்தில் செய்ததுதான்.

"மரம்தானே கார்பனைப் பிடிச்சு வைக்கும்?" என்று உடனே அடுத்த கேள்வி வரும். மரம் பெரும்பாலும் மேலே பிடித்து வைக்கிறது, புல் பெரும்பாலும் மண்ணுக்குள். வெட்டிவேர் ஒன்றை முழுதாகத் தோண்டிப் பாருங்கள், மூன்று மீட்டருக்கும் கீழே போகும். மேலே உள்ளது ஒரு தீயில் போய்விடும், கீழே உள்ளது போகாது.

ரப்பர் தோட்டத்துக்கு அடியில நிக்கிறதும் புல்லுதானே?

அது இடைவெளியில் முளைத்த கினிப்புல். மாட்டுக்கு நல்ல தீனி, அறுத்துக்கொண்டு போங்கள். முற்றத்துப் புல்லின் பெரியண்ணன், அவ்வளவுதான்.

ஒக்கி புயல்ல அத்தனை மரம் சாஞ்சுதே. அந்த இடமெல்லாம் புல்வெளியா மாறுமா?

2017 நவம்பர் 30ஐ இங்கே யாரும் மறக்க மாட்டோம். ரப்பர், வாழை, காட்டு மரம் என்று பார்க்காமல் சாய்த்தது. ஆனால் காட்டில் மரம் விழுந்த இடத்தில் வெளிச்சம் விழுந்ததும் முதலில் கொடியும் வட்டக்கண்ணி மாதிரி வேகமாக வளரும் மரங்களும் ஏறிவிடும். மழை நிறைய, தீ இல்லை என்றால் சில வருடத்தில் மேலே மூடிக்கொள்ளும். ஒரே ஒரு புயலடி காட்டைப் புல்வெளியாக்காது. விழுந்த விறகு காய்ந்து, அடுத்தடுத்த கோடைகளில் தீ உள்ளே புகுந்தால்தான் கதை மாறும். முதல் பதிலில் "தடுத்துக்கொண்டே" என்று எழுதினேனே, அந்தக் "கொண்டே"தான் விஷயம்.

மழை கூடினா காடு, குறைஞ்சா புல்லு. இவ்வளவுதானே, எதுக்கு இத்தனை சுத்தி வளைக்கிறீங்க?

இரண்டு ஓரங்களிலும் அது சரி. நடுவில்தான் சரியில்லை. ஆப்பிரிக்காவில் 854 இடங்களின் கணக்கை எடுத்து மகேஷ் சங்கரனும் மற்றவர்களும் 2005இல் காட்டியது இது: ஆண்டு மழை சுமார் 650 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்தால், மரம் கூடி மூடாமல் மழைக் குறைவே பார்த்துக்கொள்ளும். அதற்கு மேல் என்றால் மரம் மூடுவதற்குத் தண்ணீர் போதும். தீயோ மேய்ச்சலோ இருந்தால்தான் புல்வெளி புல்வெளியாகவே இருக்கும். அதாவது ஒரே மழையில் ஒரு சரிவு காடாகவும் பக்கத்துச் சரிவு புல்லாகவும் நிற்கலாம். காடு நிழலால் புல்லைக் கொன்று தீயை வெளியே நிறுத்துகிறது. புல் தீயை அழைத்துக் காட்டை வெளியே நிறுத்துகிறது. இரண்டும் தன் நிலையைத் தானே காத்துக்கொள்கின்றன.

வறட்சி எப்போதும் புல்லுக்கு ஆதரவு என்பதும் இல்லை. அமெரிக்காவின் தென் சமவெளியில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக எத்தனையோ வறட்சியைப் புல் தாங்கியிருந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதை உழுது கோதுமை போட்டார்கள். 1930களில் வறட்சி வந்தது, மண்ணைப் பிடிக்க வேர் இல்லை. 1935 ஏப்ரல் 14 அன்று பகலே இருட்டும்படி மண் புயல் அடித்தது. வறட்சி வானம் கொடுத்தது, புழுதி ஏர் கொடுத்தது.

அப்போ புல்வெளியை உண்டாக்கினது பருவநிலையா மனுஷனா? ஒரே வார்த்தைல சொல்லுங்க.

ஒரே வார்த்தை கேட்பவருக்கு நான் டீ வாங்கித் தருவதில்லை. லட்சக்கணக்கான ஆண்டுக் கணக்கில் கேட்டால் பருவநிலை. ஆயிரக்கணக்கில் கேட்டால் பருவமழை ஏறி இறங்கியதும், பின்பாதியில் மேய்ப்பவனின் தீயும் மாடும். பத்துப் பதினைந்து வருடக் கணக்கில் கேட்டால் கிட்டத்தட்ட முழுக்க நம் கை. தாடகை மலையின் பாறைமேட்டுப் புல்லும், அதன் கீழே தோட்டம் கைவிடப்பட்ட சரிவின் புல்லும் தூரத்திலிருந்து ஒரே நிறம்தான். வயது வேறு, காரணம் வேறு.

இனிமே சூடு கூடினா என்ன ஆகும்? புல்லுக்குத்தானே லாபம்?

வெக்கை புல்லுக்கு உதவும், கூடுகிற கார்பன் டை ஆக்சைடு மரத்துக்கு உதவும். மேலே சொன்ன சிக்கனக் கடைக்காரனுக்குச் சரக்கு மலிந்துவிட்டால் என்ன தனிச் சலுகை? எரிந்த மரக்கன்று முன்னைவிட வேகமாகத் தளிர்த்து அடுத்த தீக்கு முன் உயரத்தைப் பிடித்துவிடலாம். உலகின் பல வெட்டவெளிகளில் புதர் அடைப்பதற்கு இது ஒரு காரணம். உச்சியிலிருக்கும் புல்லுக்கு இன்னொரு சங்கடம் உண்டு. கீழிருந்து செடிகள் மேலே ஏறி வந்தால், அது ஒதுங்க அதற்கு மேல் மலை இல்லை.

அரிக்கொம்பன் யானையை ஏன் நம்ம மலைல கொண்டு விட்டாங்க? யானைக்குப் புல்வெளி எதுக்கு?

2023 ஜூனில் தேனிப் பக்கத்திலிருந்து லாரியில் கொண்டுவந்து மேல் கோதையாறு வட்டாரத்தில் விட்டார்கள். நம் மாவட்டமே ஒரு வாரம் தூங்கவில்லை. பிறகு அது புல்லைப் பிடுங்கி, தண்ணீரில் அலசி, மண்ணைப் போக்கித் தின்னும் காட்சி வெளிவந்தது. மழைக்காலத்து இளம்புல் யானைக்குப் பெரிய தீனி. புல் முற்றிய பிறகுதான் இலை, பட்டை என்று போகும். வரையாட்டுக்குப் புல்வெளி இல்லாவிட்டால் பிழைப்பே இல்லை. நம் மாநில விலங்கின் தென்கோடி வீடு இந்த அசம்பு மலைகள்தான். 2024 கணக்கெடுப்பில் தமிழ்நாடு முழுக்க எண்ணியதே 1,031.

ஒரு புல்வெளி பழசா புதுசான்னு பார்த்தவுடனே கண்டுபிடிக்க முடியுமா?

பார்த்தவுடனே முடியாது, குனிந்தால் ஓரளவு முடியும். ஒரு சதுர அடியில் எத்தனை வகை இருக்கிறது என்று எண்ணுங்கள். பழைய வெளியில் புல்லுக்கு நடுவே சின்னச் சின்னப் பூச்செடிகள், தரை ஆர்க்கிட், கிழங்குச் செடிகள் என்று கூட்டமாக இருக்கும். நிறையச் செடிகளுக்கு மண்ணுக்குள் தடித்த அடிக்கட்டை உண்டு, தீயை எதிர்பார்த்து வாழ்ந்த அடையாளம் அது. புதியதில் ஒன்றிரண்டு முரட்டுப்புல்லும் உண்ணிச்செடியும் பழைய வேலிக்கல்லும் இருக்கும்.

அழிஞ்ச புல்வெளியைத் திரும்பக் கொண்டு வர முடியுமா?

பச்சை நிறத்தைக் கொண்டுவர இரண்டு மழை போதும். வகைகளைக் கொண்டுவருவதுதான் கடினம். உழுதோ தோட்டம் போட்டோ விட்ட பழைய புல்வெளி, தன் முழு வகைகளையும் திரும்பப் பெற 100 ஆண்டுக்குக் குறையாமல் ஆகும் என்று 2020இல் ஆஷிஷ் நெர்லேகரும் ஜோசப் வெல்ட்மனும் பல நாட்டுக் கணக்குகளைச் சேர்த்துக் காட்டினார்கள். அந்நிய மரத்தை வெட்டினால் அதன் விதை மண்ணில் காத்திருக்கும். வாட்டில் விதை பல்லாண்டுகள் உயிரோடு கிடக்கும், ஒரு தீ போதும் கும்பலாக முளைக்க. வெட்டியபின் வருடந்தோறும் போய் முளைத்ததைப் பிடுங்க வேண்டும், பக்கத்துப் பழைய வெளியிலிருந்து தூர் பெயர்த்து நட வேண்டும். ஆயிரம் கன்றுச் சங்கத்தாருக்கு ஆள் பலம் இருக்கிறது. கன்று நடுவதற்குப் பதில் உண்ணிச்செடி பிடுங்க வருகிறீர்களா என்று கேட்டேன். கூட்டத்தில் பேசிவிட்டுச் சொல்கிறோம் என்றார்கள்.

வேட்டியில ஒட்டின ஊசிப்புல் விதையை எப்படி எடுக்கிறது?

தண்ணீரில் நனைக்காதீர்கள், இன்னும் உள்ளே திருகும். ஏன் என்பதை மேலே சொல்லியாயிற்று. காய்ந்திருக்கும்போதே, குத்திய திசைக்கு எதிராக இல்லாமல், முனை போன பக்கமாகவே இழுத்தால் வந்துவிடும்.